மென்பொருள் நிஜமாகவே கிராபிக்ஸ் சிப்பில் ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ, கோயில் நோட்டீஸ் அடிக்கும் அச்சகம், பிள்ளைகள் தமிழ் படிக்கும் வகுப்பு என்று எங்கே போனாலும், கம்ப்யூட்டர் பற்றி என்னிடம் வரும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. இந்த சாஃப்ட்வேர் கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்துகிறதா இல்லையா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெகுவிலிருந்தும் மௌல்மேனிலிருந்தும் போனில் கேட்பவர்களும் உண்டு. போனில் சொன்னால் பாதி மறந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை ஒலிப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்றால் என்ன அண்ணே? அது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

திரையில் தெரியும் எல்லாமே புள்ளிகள். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை திரையை முழுதாக வரைய வேண்டுமென்றால் 12 கோடிக்கு மேல் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கை கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவும் போடலாம், ஜிபியு என்கிற கிராபிக்ஸ் சிப்பும் போடலாம். ஒரே மாதிரியான சிறு கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதற்கென்றே ஜிபியுவைச் செய்திருக்கிறார்கள். வரையும் வேலையை மென்பொருள் அதனிடம் கொடுத்தால் அதுதான் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன். கொடுக்காமல் சிபியுவே வரைந்தால் சாஃப்ட்வேர் ரெண்டரிங்.

சிபியு வரைந்தாலும் படம் வரும். சில சமயம் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஸ்க்ரோல் செய்யும்போது திக்கும், வீடியோ தாவித் தாவி ஓடும், ஃபேன் சத்தம் போடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். கரண்ட் போய் இன்வர்ட்டரில் வேலை முடிக்க வேண்டிய நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம் பெரிய விஷயம். திங்யான் சமயத்து வெயிலில் லேப்டாப் ஏற்கெனவே கொதிக்கும். வரையும் வேலையும் சிபியு தலையில் விழுந்தால், அது சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் எல்லா வேலையும் மெதுவாகும்.

செட்டிங்கில் டிக் போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: அந்த டிக் வெறும் அனுமதி. ‘முடிந்தால் ஜிபியுவைப் பயன்படுத்திக்கொள்’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பல மென்பொருள்களில் அந்த வரியே ‘கிடைக்கும்போது பயன்படுத்து’ என்றுதான் எழுதியிருக்கும்.

டிக் இருந்தும் வேலை சிபியுவில் நடக்கக் காரணங்கள் உண்டு. சரியான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் இருக்கலாம். டிரைவர் பழையது, கோளாறு உள்ளது என்று மென்பொருளே அதைத் தன் தடைப் பட்டியலில் வைத்திருக்கலாம். ஜிபியு வேலை சில முறை நின்றுபோனதால், குரோம் போன்ற மென்பொருள் அடுத்த முறை மூடித் திறக்கும்வரை சத்தமில்லாமல் சிபியுவுக்கு மாறியிருக்கலாம். அல்லது நீங்கள் கொடுத்த குறிப்பிட்ட வேலையை அந்த ஜிபியுவால் செய்யவே முடியாமல் இருக்கலாம். பெரும்பாலும் எதற்குமே திரையில் எச்சரிக்கை வராது. அதனால்தான் செட்டிங்கை விட்டுவிட்டு, வேலை எங்கே நடக்கிறது என்று நேரே போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

விண்டோஸில் எங்கே பார்ப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிராசஸஸ் பக்கத்தில் மேலே சிபியு, மெமரி என்று தலைப்புகள் இருக்கும் வரிசையில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, ஜிபியு, ஜிபியு எஞ்சின் என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள்.

இப்போது சோதிக்க வேண்டிய மென்பொருளில் எதையாவது அசையச் செய்ய வேண்டும். இது முக்கியம். சும்மா நிற்கும் ஜன்னலை யாரும் திரும்ப வரைய மாட்டார்கள். அப்போது ஜிபியு 0 என்று காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது. பெரிய படத்தைத் திறந்து ஜூம் செய்யுங்கள், நீளமான பக்கத்தை விடாமல் ஸ்க்ரோல் செய்யுங்கள், வீடியோவை ஓட விடுங்கள். அப்படிச் செய்துகொண்டே அந்த மென்பொருளின் வரியைக் கவனியுங்கள். ஜிபியு எண் ஏறி, எஞ்சின் பகுதியில் ‘ஜிபியு 0 - 3டி’ என்று வந்தால் வரைவது ஜிபியுதான். வீடியோவுக்கு ‘வீடியோ டிகோட்’ என்று வரும். ஜிபியு அசையாமல் சிபியு மட்டும் எகிறினால் சிபியு வரைகிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம்.

கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிராசஸஸ் பக்கத்தில் தெரியும் சதவீதம், ஜிபியுவுக்குள் இருக்கும் எஞ்சின்களில் எது அதிகம் உழைக்கிறதோ அதன் அளவு மட்டும்தான். முழு விவரத்துக்கு பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறங்கள். 3டி, காப்பி, வீடியோ டிகோட் என்று தனித்தனி வரைபடம் ஓடும். அதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் மற்ற எல்லாமே சுலபம்.

என் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு என்ற சொல்லே இல்லையே?

இந்த வசதி 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709இல்தான் முதலில் சேர்ந்தது. அதற்கு முந்தைய விண்டோஸில் இருக்காது. புதிய விண்டோஸிலும் இல்லையென்றால் டிரைவர் பழையது, டபிள்யூடிடிஎம் (விண்டோஸின் கிராபிக்ஸ் டிரைவர் முறை) 2.0 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவர் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் டிஎக்ஸ்டயாக் என்று தேடித் திறந்து, டிஸ்ப்ளே பக்கத்தில் ‘டிரைவர் மாடல்’ என்ற வரியைப் பாருங்கள்.

டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்று ஒன்று ஜிபியுவைப் பயன்படுத்துகிறது. வைரஸா?

இல்லை, அது விண்டோஸின் சொந்த ஆள். ஒவ்வொரு மென்பொருளும் தன் ஜன்னலை வரைந்து கொடுக்க, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திரையாக்குவது அதன் வேலை. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். சிபியுவில் வரையும் பழைய மென்பொருளின் ஜன்னலை இழுத்தாலும் மொத்த ஜிபியு எண் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் சேர்ப்பவர் உழைக்கிறார். அதனால் மொத்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் மென்பொருளின் வரியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று காட்டுகிறது. நல்லதா, கெட்டதா?

கெட்டது. டிரைவர் இல்லை என்பதற்கான நேரடிச் சாட்சி அது.

நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் தீமிதியை வீடியோ எடுத்து வந்து எடிட் செய்யும் ஒரு தம்பியின் கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். திடீர் மின்வெட்டில் விண்டோஸ் கெட்டுப்போய், யாரோ திரும்பப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வீடியோ டைம்லைனை நகர்த்தினால் படம் அரை நொடி கழித்து வருகிறது. ரேம் போதவில்லை என்று நினைத்து ரேம் வாங்கிப் போட்டுவிட்டார், ஒன்றும் மாறவில்லை. டாஸ்க் மேனேஜரில் எடிட்டரின் வரியில் சிபியு தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது, ஜிபியு என்ற தலைப்பே இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்தால் உள்ளே கிராபிக்ஸ் கார்டின் பெயர் இல்லை. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ மட்டும் இருக்கிறது. பெட்டிக்குள்ளே நல்ல என்விடியா கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் கார்டின் பெயர் வந்துவிட்டது. அதே டைம்லைனை அதே வேகத்தில் நகர்த்திப் பார்த்தோம். சிபியு பாதிக்குக் கீழே இறங்கியது, 3டி வரைபடம் எழுந்தது, படம் கையோடு நகர்ந்தது. ரேமுக்குக் கொடுத்த காசு மிச்சமாகியிருக்க வேண்டியது. அதனால் மெதுவாக இருக்கிறது என்றால் எதையும் வாங்குவதற்கு முன்னால் டிவைஸ் மேனேஜரை ஒரு முறை திறந்து பாருங்கள்.

இதன் கூடப்பிறந்தது ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் ரெண்டர் டிரைவர்’. மென்பொருள் தன் விவரப் பக்கத்தில் இந்தப் பெயரைக் காட்டினால், வார்ப் என்ற சாஃப்ட்வேர் ரெண்டரர் ஓடுகிறது என்று பொருள். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. ஜிபியு செய்ய வேண்டியதை சிபியுவிலேயே செய்து காட்டும். படம் சரியாக வரும், வேகம் வராது.

குரோமில் எப்படிப் பார்ப்பது?

பிரவுசர்கள்தான் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகின்றன. குரோமின் முகவரிப் பட்டையில் குரோம் என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். எட்ஜிலும் பிரேவிலும் இதே முகவரி வேலை செய்யும்.

திறக்கும் பக்கத்தின் தலையிலேயே கிராபிக்ஸ் ஃபீச்சர் ஸ்டேட்டஸ் என்ற பட்டியல் இருக்கும். கம்போசிட்டிங், ராஸ்டரைசேஷன், வீடியோ டிகோட், வெப்ஜிஎல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட்’ என்று பச்சையில் இருந்தால் நல்லது. ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்றோ ‘டிசேபிள்ட்’ என்றோ இருந்தால் அந்த வேலை சிபியுவில் நடக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒன்று ஜிபியுவிலும் இன்னொன்று சிபியுவிலும் ஓடுவது சகஜம். கொஞ்சம் கீழே ‘பிராப்ளம்ஸ் டிடெக்டட்’ என்ற பகுதியில் எதனால் அணைத்தது என்று குரோமே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் செட்டிங்கை மாற்றப் போகாதீர்கள்.

இன்னும் கீழே ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று உங்கள் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்ஷேடர் என்று இருந்தால் அது கூகுளின் சாஃப்ட்வேர் ரெண்டரர். ஜிபியு கிடைக்காததால் சிபியு அந்த வேலையைச் செய்கிறது.

ஃபயர்ஃபாக்ஸில் அபவுட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று அடித்தால் வரும் பக்கத்தில் கிராபிக்ஸ் பகுதியைப் பாருங்கள். கம்போசிட்டிங் என்பதற்கு எதிரே வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் ஜிபியு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சாஃப்ட்வேர் என்று சேர்ந்திருந்தால் சிபியு.

பிரவுசரில் எல்லாம் பச்சை. யூடியூப் மட்டும் ஃபேனைக் கத்த வைக்கிறது. ஏன்?

வரைவது ஒரு வேலை, சுருக்கி வைத்த வீடியோவைப் பிரிப்பது வேறொரு வேலை. பிரிப்பதற்கு ஜிபியுவுக்குள் தனி எஞ்சின் இருக்கிறது. அது எல்லா வகை வீடியோவையும் பிரிக்காது. சிப் வந்த ஆண்டுக்குத் தகுந்தபடி அதற்குத் தெரிந்த வகைகள் மாறும்.

நம் ஊரில் அதிகம் புழங்கும் இன்டெல் லேப்டாப்களை எடுத்துக்கொள்வோம். எச்.264 வகையை 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை சிப்களே பிரித்துவிடும். எச்.265 வகையை முழுமையாகப் பிரிப்பது 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து. யூடியூப் நிறையப் பயன்படுத்தும் விபி9 வகைக்கு முழு ஆதரவு ஏழாம் தலைமுறையில் வந்தது. ஏவி1 வகைக்குப் பதினோராம் தலைமுறையாவது வேண்டும். அதனால் நாலாம் தலைமுறை லேப்டாப்பில் விபி9 ஓடினால் சிபியுதான் மூச்சு வாங்கும். செட்டிங்கில் எதை மாற்றினாலும் சிப்பில் இல்லாத எஞ்சின் வராது.

எந்த வகை ஓடுகிறது என்று பார்க்க, யூடியூப் வீடியோ மேல் வலது பட்டனை அழுத்தி ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடெக்ஸ் வரியில் ஏவிசி1 என்று ஆரம்பித்தால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. அதே பெட்டியில் ஃப்ரேம்ஸ் வரியில் டிராப்ட் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்கவில்லை. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: 720பி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். அல்லது யூடியூபை எச்.264இல் மட்டும் அனுப்ப வைக்கும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நீட்சியைப் போட்டதும் வீடியோ டிகோட் வரைபடம் எழுவதை டாஸ்க் மேனேஜரில் கண்ணால் பார்க்கலாம்.

விஎல்சி பிளேயரில்?

2018இல் வந்த விஎல்சி 3.0 முதல் ஹார்டுவேர் டிகோடிங் தானாகவே இயங்கும். டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போனால் அதற்கான வரி இருக்கும். ஆட்டோமேட்டிக் என்று விட்டுவிடுங்கள். உண்மையா என்று பார்க்க வழக்கம்போல வீடியோ டிகோட் வரைபடம்தான்.

போட்டோஷாப், பிரீமியர் இரண்டும்தான் என் அக்கா கடையில் சோறு போடுகின்றன. அவற்றில் எப்படி?

போட்டோஷாப்பில் எடிட், பிரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் ‘யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்’ என்ற பெட்டியும், மேலே கண்டுபிடித்த கார்டின் பெயரும் இருக்கும். பெயர் இல்லாமல் பெட்டி மங்கிக் கிடந்தால் போட்டோஷாப் ஜிபியுவை ஏற்கவில்லை. புதிய பதிப்புகளில் ஹெல்ப் மெனுவில் ஜிபியு கம்பாட்டிபிலிட்டி என்ற வரி எது தேறியது, எது தேறவில்லை என்று காட்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி: ஆர் எழுத்தைத் தட்டி ரொட்டேட் வியூ கருவியை எடுத்து, படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜிபியு இல்லாமல் அந்தக் கருவி வேலை செய்யாது.

பிரீமியரில் ஃபைல், பிராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் என்ற இடத்தில் ரெண்டரர் என்று ஒரு வரி. ‘மெர்க்குரி பிளேபேக் எஞ்சின் ஜிபியு ஆக்சிலரேஷன்’ என்று இருந்தால் சரி. ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று இருந்தால் சிபியு. எக்ஸ்போர்ட் செய்வது தனிக் கணக்கு. எச்.264 எக்ஸ்போர்ட்டில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் ஹார்டுவேர் என்கோடிங், சாஃப்ட்வேர் என்கோடிங் என்று இரண்டு இருக்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி அசைவு நிறைந்த காட்சிகளைக் குறைந்த அளவில் சுருக்கும்போது சாஃப்ட்வேர் என்கோடிங்கில் படம் கொஞ்சம் சுத்தமாக வருவது உண்டு. மெதுவாக இருந்தாலும் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பில்லை. தெரியாமல் சாஃப்ட்வேரில் ஓட்டிவிட்டு இரவு முழுக்கக் காத்திருப்பதுதான் வீண்.

லிப்ரே ஆபீஸில் நோட்டீஸ் அடிக்கிறோம். அதுவும் ஜிபியுவைப் பயன்படுத்துமா?

விண்டோஸில் பயன்படுத்தும். 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஸ்கியா என்ற வரைநிரலைக் கொண்டுதான் திரையை வரைகிறது. ஹெல்ப் மெனுவில் அபவுட் லிப்ரே ஆபீஸைத் திறந்தால் யுஐ ரெண்டர் என்ற வரி. ஸ்கியா/வல்கன் என்றால் ஜிபியு, ஸ்கியா/ராஸ்டர் என்றால் சிபியு. இவ்வளவு தெளிவாகத் தன் நிலையைச் சொல்லும் ஆபீஸ் மென்பொருளை நான் வேறு பார்த்ததில்லை. மற்றவர்களும் இப்படி ஒரு வரி எழுதிவைத்தால் இந்தப் பக்கத்தின் நீளம் பாதியாகிவிடும்.

கடையில் பழைய கணக்கு மென்பொருள் இருக்கிறது. அதற்கும் ஜிபியுவை ஆன் செய்ய முடியுமா?

முடியாது, வேண்டவும் வேண்டாம். எழுத்தும் கட்டமும் வரைய சிபியு தாராளமாகப் போதும். அது மெதுவாக இருந்தால் ஹார்ட் டிஸ்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கிறது. எது ஓடுகிறது?

ஜிபியு எஞ்சின் பகுதியில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று எண் வரும். எந்த எண் எந்த சிப் என்று பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பெயரோடு இருக்கும். எடிட்டர் இன்டெலில் ஓடிக்கொண்டு என்விடியா தூங்கினால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். பிரவுசரையும் வீடியோ பிளேயரையும் அப்படி வைக்காதீர்கள். அவற்றுக்கு இன்டெலே போதும். பெரிய கார்டு எழுந்தால் பேட்டரிதான் இறங்கும்.

அதே பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்’ என்று ஒரு பட்டன் கண்ணில் படும். 2020இல் வந்தது. பெயரைப் பார்த்து இதுதான் அது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜிபியுவுக்கு வரும் வேலைகளை வரிசைப்படுத்துவதை யார் செய்வது என்பதைத்தான் அது மாற்றுகிறது. உங்கள் மென்பொருள் ஜிபியுவைப் பயன்படுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தூரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பார்த்துச் சொல்ல முடியுமா?

வேண்டாம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் திரை வரையும் வழியே மாறிவிடும். நேரில் ஜிபியுவில் ஓடும் மென்பொருள் அங்கே சிபியுவில் ஓடலாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரான விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் அப்படித்தான். சில மென்பொருள்களில் ‘ஜிடிஐ ஜெனரிக்’ என்ற ரெண்டரர் பெயரும் ஓபன்ஜிஎல் 1.1 என்ற பதிப்பும் தெரியும். விண்டோஸுடன் வரும் அடிப்படை சாஃப்ட்வேர் ரெண்டரர் அது. சோதனையை அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். தூரமாக இருந்தால் அங்கே இருப்பவரை டாஸ்க் மேனேஜரைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லினக்ஸில்?

டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் பெரிய பி எழுத்தும் (ஏபிசி வரிசையில் இரண்டாவது எழுத்து) சேர்த்து அடியுங்கள். கட்டளை இல்லை என்றால் மெசா யூட்டில்ஸ் தொகுப்பைப் போட வேண்டும். வரும் பதிலில் பலரும் ‘டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்’ என்ற வரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது போதாது, சாஃப்ட்வேர் ரெண்டரிங்கிலும் அங்கே யெஸ் வரும். ரெண்டரர் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்ற பெயர் இருந்தால் சிபியு. உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் ஜிபியு. மெசா டிரைவர் என்றால் ‘ஆக்சிலரேட்டட்: யெஸ்’ என்றும் நேராகவே எழுதியிருக்கும்.

அது கணினியின் பொது நிலை. ஒரு குறிப்பிட்ட மென்பொருளைப் பார்க்க என்விடாப் என்ற கருவி நல்லது. பெயரைப் பார்த்து என்விடியாவுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம், இன்டெலையும் ஏஎம்டியையும் காட்டும். எந்த மென்பொருள் எவ்வளவு ஜிபியு எடுக்கிறது என்று வரி வரியாக ஓடும்.

மேக்கில்?

ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து கமாண்டும் 4ம் அழுத்தினால் ஜிபியு ஹிஸ்டரி ஜன்னல் வரும். சிபியு பக்கத்தில் ஜிபியு சதவீதத் தலைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பர்மிய எழுத்து முன்னும் பின்னும் மாறி வருகிறது, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஜிபியுவை அணைத்தால் சரியாகுமா?

ஆகாது. எந்த எழுத்துக்கு எந்த வடிவம், கொம்பும் காலும் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது எப்போதும் சிபியுவில் நடக்கிற வேலை. முடிவான வடிவத்தைத் திரையில் பூசுவது மட்டும்தான் ஜிபியு. கட்டம் தெரிந்தால் அந்த எழுத்துள்ள ஃபான்ட் இல்லை. பர்மிய எழுத்து குழம்பினால் பெரும்பாலும் ஸாஜி ஃபான்ட்டில் அடித்ததை யூனிகோடாகப் படிக்கிறது, அல்லது நேர்மாறு. மியன்மார் 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறினாலும் பழைய ஃபைல்கள் இன்னும் கையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எழுத்துகள் பாதி அழிந்தோ, ஸ்க்ரோல் செய்யும்போது கறுப்புத் துண்டுகளாகவோ, ஜன்னலே மின்னியோ வந்தால் அது வேறு. அப்போது டிரைவர்மேல் சந்தேகப்படலாம். விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஏபிசி வரிசையில் இரண்டாவது எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். சரியாகவில்லை என்றால் அந்த மென்பொருளில் மட்டும் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி டிரைவர்தான். புதியதைப் போட்டுவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள், அணைத்தபடியே விட்டுவிடாதீர்கள்.

திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் வகுப்பை ரெக்கார்டு செய்தால் பிரவுசர் ஜன்னல் மட்டும் கறுப்பாக வருகிறது.

பிரவுசர் ஜிபியுவில் வரைகிறது என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். பழைய பிட்பிளிட் முறையால் அதை எடுக்க முடியவில்லை. விண்டோ கேப்சரின் கேப்சர் மெத்தட்டை ‘விண்டோஸ் 10’ என்று தொடங்கும் வரிக்கு மாற்றினால் வந்துவிடும்.

ஆன் செய்ததால் நிஜமாகவே பலன் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

அணைத்தும் ஆன் செய்தும் ஒரே வேலையைச் செய்து ஒப்பிடுங்கள். இடையில் மென்பொருளை முழுதாக மூடித் திறக்க வேண்டும். பல மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே இதை முடிவு செய்கின்றன. அதே ஃபைல், அதே ஜன்னல் அளவு. முக்கியமாக, இரண்டு முறையும் சார்ஜரிலேயே இருக்கட்டும், அல்லது இரண்டு முறையும் பேட்டரியிலேயே இருக்கட்டும். ஒன்றைக் கரண்ட் இருக்கும்போதும் இன்னொன்றைக் கரண்ட் போன பிறகும் பார்த்தால் ஒப்பிடவே முடியாது; பேட்டரியில் விண்டோஸ் எல்லாவற்றின் வேகத்தையும் குறைத்துவிடும்.

சில சமயம் ஆன் செய்தால் இன்னும் மெதுவாகும். மிகப் பழைய சிப்பில் அப்படி நடக்கும். அங்கே அணைத்து வைப்பதுதான் சரி.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறேன். கடையில் நின்றபடி எதைப் பார்ப்பது?

பென் டிரைவில் உங்கள் சொந்த ஃபைல்களைக் கொண்டு போங்கள். போனில் எடுத்த ஒரு எச்.265 வீடியோ, ஒரு எச்.264 வீடியோ, உண்மையில் வேலை செய்த பெரிய படம் ஒன்று. முதலில் டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வீடியோவையும் ஓட விடுங்கள். எச்.264க்கு வீடியோ டிகோட் எழுந்து எச்.265க்கு எழாமல் சிபியு எகிறினால், அந்த லேப்டாப் இன்றைய போன் வீடியோவை எடிட் செய்யத் திணறும். விலையைக் குறைத்துப் பேசுவதற்கோ, வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவதற்கோ அந்த வரைபடமே போதும். சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.